முன்பணம் கட்டும் முன்…

"எஸ்எஸ்எம் எடுத்தாச்சு. இனிமே கடையைத் திறந்திடலாம்தானே?"

வானொலியில் சிறுதொழில் பற்றிப் பேசும் நாள்களில் நேயர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. என் அக்காவும் இதையேதான் கேட்டார். பதினான்கு ஆண்டுத் தொழிற்சாலை வேலை முடிந்து, நிறுவனம் கொடுத்த தொகை கையில் இருந்த நேரம். காலையில் நாலு பேர் வந்து பசியாற ஒரு சின்னக் கடை போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

எஸ்எஸ்எம் என்பது பிறப்புப் பத்திரம் மாதிரி. இப்படி ஒரு வியாபாரம் இருக்கிறது என்று பதிவதோடு அதன் வேலை முடிந்தது. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். இணையத்திலேயே முடித்துவிடலாம். இது சுலபமாக முடிவதால்தான் எல்லாமே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று லைசென்ஸ் கொடுப்பது ஊராட்சி மன்றம். மாநகர் மன்றமோ, நகராண்மைக் கழகமோ, மாவட்ட மன்றமோ, கடை யாருடைய எல்லைக்குள் வருகிறதோ அவர்கள். தீபகற்ப மலேசியாவில் இதற்கு அடிப்படை 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம். அதன் 107ஆவது பிரிவைப் படித்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். காரணம் சொல்லாமலே லைசென்ஸை மறுக்கலாம், கொடுத்ததை மீட்டுக்கொள்ளவும் செய்யலாம் என்கிறது அது.

அதனால்தான் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். நம்மில் பலர் கடை பார்த்து, முன்பணம் கட்டி, சாயமடித்து, பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டுக் கடைசியாகத்தான் லைசென்ஸ் கவுண்டருக்குப் போகிறோம்.

அக்கா பார்த்து வைத்திருந்தது, முன்பு கைப்பேசிக் கடையாக இருந்த இடம். மாத வாடகை 1,800 ரிங்கிட். இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை, ஆக மொத்தம் 7,200 ரிங்கிட். "வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிடுங்க, வேற ஆளு கேட்குறாங்க" என்று உரிமையாளர் அவசரப்படுத்தினார். அத்தானும் தயாராக இருந்தார். "ஒரே ஒரு நாள் பொறுங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு, கடையின் முகவரியோடும் படங்களோடும் அக்காவை லைசென்ஸ் பிரிவுக்கு அழைத்துப் போனேன்.

படங்களைப் பார்த்த அதிகாரி முதலில் கேட்டது, "சமையல் எங்கே?" பின்பக்கம் கூரை போட்டு நீட்டியிருந்த பகுதியைக் காட்டினோம். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் உண்டா என்றார். உரிமையாளருக்கு அங்கிருந்தே போன் செய்து கேட்டோம். இல்லை. அப்படியானால் அங்கே சமையலறைக்கு லைசென்ஸ் கிடைக்காது என்றார் அதிகாரி. கடைக்குள்ளேயே சமைப்பதென்றால் கழுவுமிடம், கழிவுநீர்க் குழாய், எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் தொட்டி என்று எல்லாமே புதிதாகப் போட வேண்டும்.

திரும்பி வரும்போது காரில் அக்கா அழுதார். மேசை எங்கே, கல்லாப்பெட்டி எங்கே என்று மனத்துக்குள் அந்தக் கடையை முழுதாகவே கட்டிவிட்டிருந்தார். ஆனால் 7,200 ரிங்கிட் அவர் கணக்கிலேயே பத்திரமாக இருந்தது.

அடுத்த இடம் அமைய இரண்டு மாதம் ஆனது. முன்பே உணவகமாக இருந்த கடை, வாடகை 300 ரிங்கிட் கூடுதல். பழைய கடைக்காரரின் லைசென்ஸ் சுவரிலேயே தொங்கியது. "இதை வச்சே ஓட்டலாமே?" என்றார் அத்தான். கூடாது. நடத்துபவர் மாறினால் புது விண்ணப்பம் போட வேண்டும்.

அக்கா கொடுத்த ஆவணங்கள் இவை: அடையாள அட்டை நகல், எஸ்எஸ்எம் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், கடையின் உள்வரைபடம், முகப்புப் படம், பெயர்ப்பலகையின் மாதிரி. சாப்பாட்டுக் கடை என்பதால் உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் தைப்பாய்டு தடுப்பூசியும், உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். வடை சுட உதவிக்கு வரும் சித்திக்கும் விலக்கில்லை. இந்தப் பட்டியல் மன்றத்துக்கு மன்றம் கொஞ்சம் மாறும். உங்கள் மன்றத்தின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"விண்ணப்பத்துக்கே ஒப்பந்தம் வேணுமே, அப்புறம் எப்படிப் பொறுக்கிறது?" என்று ஒரு நேயர் கேட்டார். நியாயமான கேள்வி. கையெழுத்துப் போடும் முன் கவுண்டரில் விசாரிக்கக் காசு எதுவும் தேவையில்லை. ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: லைசென்ஸ் கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும். அக்காவின் இரண்டாவது உரிமையாளர் முகத்தைச் சுளித்தார்; ஆனாலும் சேர்த்தார்.

பெயர்ப்பலகையையும் ஒப்புதல் கிடைத்த பிறகே அடிக்கக் கொடுங்கள். தேசிய மொழி முதன்மையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். அதன் கீழே தமிழுக்கு இடமுண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். அக்கா கடையில் தமிழ் எழுத்து சிறியதுதான், ஆனால் எதிர்ச்சாலையிலிருந்து தெரிகிறது.

கடை திறக்க நல்ல நாள் பார்ப்பவர்கள் நாம். அதற்கு முன்னால் வரும் ஏதாவது ஒரு வேலை நாளை லைசென்ஸ் கவுண்டருக்கு ஒதுக்கிவிடுங்கள்.