அப்பத்தாவின் சுங்குடியும் ஹிஸ்டோகிராமும்

போன மாசம் அப்பா போன் பண்ணினார். "அப்பத்தா வருசத் திதி வருதுப்பா. பெருசா மாட்டுற மாதிரி ஒரு படம் போட்டுக் கொண்டா. நீதான் எந்நேரமும் கேமராவோட திரிவியே."

திரிஞ்சேன்தான். ஆனா அப்பத்தாவை உருப்படியா எடுத்தது ரெண்டே படம். ரெண்டுமே வத்தலக்குண்டு வீட்டுத் திண்ணையில, உச்சி வெயில்ல. முகம் நிழல்ல, மடியும் முழங்காலும் சுள்ளுன்னு வெயில்ல. மொச்சை உரிச்சுக்கிட்டே கேட்டுச்சு, "உள்ள தள்ளி உக்காரட்டுமா சாமி?" நான் பெரிய மேதாவியாட்டம், "வேணாம் அப்பத்தா, லைட்டிங் சூப்பரா இருக்கு"ன்னுட்டேன்.

அதுக்கு முன்னாடிதான் மொட்டை மாடியில கொடைக்கானல் மலையை எடுத்துட்டு வந்திருந்தேன். எக்ஸ்போஷரை ரெண்டு ஸ்டாப் குறைச்சு வச்சதை மாத்த மறந்துட்டேன். முதல் படம் ஒரே இருட்டு. கேமரா திரையில பார்த்து "சொதப்பிட்டோம்டா"ன்னு சரி பண்ணி ரெண்டாவது எடுத்தேன். முகம் பளிச். அதைத்தான் இத்தனை நாளா நல்ல படம்னு நினைச்சிட்டிருந்தேன்.

பெரிய சைஸுக்குப் போடலாம்னு திறந்தப்பதான் தெரிஞ்சுது, மடியில சேலையே இல்ல! வெறும் வெள்ளைத் திட்டு. அப்பத்தா கட்டியிருந்தது சந்தனக் கலர் சுங்குடி. புள்ளி ஒண்ணுகூடக் காணோம். வெளிச்சத்தைக் குறைச்சுப் பார்த்தேன். வெள்ளை சாம்பலாச்சே தவிர புள்ளி வரல.

ஏன் வரலைன்னு ஹிஸ்டோகிராம் ஒரே பார்வையில சொல்லிடுச்சு. அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. 0 முதல் 255 வரை நம்பர் போட்ட 256 கூடையை வரிசையா வச்சிருக்கறதா நினைச்சுக்குங்க. 0 சுத்தக் கருப்பு, 255 சுத்த வெள்ளை. படத்துல இருக்கற ஒவ்வொரு புள்ளியையும் அதோட வெளிச்சத்துக்கு ஏத்த கூடையில போடணும். எந்தக் கூடை எவ்வளவு ரொம்பியிருக்குங்கறதுதான் அந்த வரைபடம். நம்ம பாஷையில நாலு வரி லூப் :-)

சிக்கல் கடைசிக் கூடையிலதான். அதைவிட வெளிச்சமானது எது வந்தாலும் அதே கூடையிலதான் விழும். சேலையும் 255, சேலைப் புள்ளியும் 255. அதுக்கப்புறம் எதைவெச்சுப் பிரிக்கறது? என் 'நல்ல' படத்தோட வலது சுவர்ல ஒரு கோடு செங்குத்தா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

அழிக்கலாம்னு ஒதுக்கி வச்ச இருட்டுப் படத்தை அப்பதான் திறந்தேன். இதுல வரைபடம் ரெண்டு குன்றா இருந்துச்சு. நிழல் இடது பக்கம், வெயில் வலது பக்கம், நடுவுல பள்ளம். நடுவுல ஒரே மலையா இருந்தாதான் நல்ல படம்னு ஒரு நம்பிக்கை சுத்திக்கிட்டிருக்கு. அதை விட்டுடுங்க. இந்த மாதிரி வெயிலும் நிழலும் கலந்த படம் ரெண்டு குன்றாத்தான் இருக்கும். சுவர்ல முட்டுதாங்கறதுதான் கேள்வி. சந்தனக் கலர்ல சிவப்புதான் முதல்ல முட்டும்னு ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாப் பார்த்தேன். சிவப்பு சுவருக்கு ஒரு முடி முன்னாடி நின்னிருந்துச்சு. மடி மேல ஜூம் பண்ணினா... அத்தனை புள்ளியும் அங்க இருக்கு!

நல்லவேளை, ரா கோப்பா எடுத்திருந்தேன். ஆனா முகத்தைத் தூக்கறதுக்கும் ஒரு விலை உண்டு. 12 பிட் கோப்புல மொத்தம் 4096 படி. அதுல பாதி, 2048, உச்சி வெளிச்சத்தோட ஒரே ஸ்டாப்புக்குப் போயிடும். அடுத்ததுக்கு 1024, அப்புறம் 512, 256, 128ன்னு தேயும். நிழல்ல இருக்கற முகத்துக்கு மிஞ்சறது கொஞ்சம்தான். ரொம்பத் தூக்கினா மணல் தூவின மாதிரி நாய்ஸ் வரும்.

முதல் தடவை பேராசையில ரெண்டு குன்றையும் நடுவுக்கு இழுத்துட்டேன். அப்பத்தா சீரியல் நடிகை மாதிரி ஆயிடுச்சு. திண்ணை நிழலே காணாமப் போச்சு. எல்லாத்தையும் அன்டூ பண்ணிட்டு, கர்வ்ல வலது பக்கத்தை அசையாமப் பிடிச்சு வச்சுக்கிட்டு, இடது பக்கத்தை மட்டும் கண்ணும் சிரிப்பும் தெரியற அளவுக்குத் தூக்கினேன். நிழல்ல இருந்த முகம், நிழல்லயே இருக்கட்டும்.

பிரேம் போட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. மடி மேல விரலை வச்சு, "இது நான் மொத சம்பளத்துல சின்னாளபட்டியில எடுத்துக் குடுத்த சீலை"ன்னார். எனக்கு அது தெரியவே தெரியாது.

வெயில்ல நின்னு கேமராத் திரையைப் பார்த்துப் படத்தை அழிக்காதீங்க மக்களே. கண்ணு கூசுறப்ப எல்லாப் படமும் இருட்டாத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமைப் போட்டு முதல்ல வலது சுவரைப் பாருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, ரா எடுத்தாலும் கேமரா காட்டறது ஜேபெக்கோட வரைபடம்தான். அதனால லேசா முட்டினா பதற வேணாம்.

முக்கியமா, பாட்டி "தள்ளி உக்காரட்டுமா"ன்னு கேட்டா, "சரி"ன்னு சொல்லிடுங்க.