பழைய சேலைக்கு எந்த இங்கிலீஷ் வார்த்தை?

ரீயூஸ், ரீசைக்கிள், ரீபர்பஸ், அப்சைக்கிள். நாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று பேச்சில் விட்டுவிடலாம். லேபிளில் அச்சடிக்கும்போது அப்படி விட முடியாது.

என் பழைய மாணவி ஒருத்தி, கட்டிப் பழசான பருத்திச் சேலைகளை வாங்கிக் கைப்பை தைத்து விற்கிறாள். ‘ரீசைக்கிள்டு’ என்று லேபிள் போட்டிருந்தாள். வாங்கிய ஒருவர், இது ரீசைக்கிளே இல்லை, ஏமாற்று என்று எழுதிவிட்டார். "நான் என்ன டீச்சர் ஏமாத்தினேன்? பழைய சேலைன்னுதானே சொன்னேன்?" என்று போனில் அழாத குறை.

அவள் ஏமாற்றவில்லை. இங்கிலீஷ்காரர்களே அந்த வார்த்தையை இப்படித் தளர்வாகச் சொல்வதுண்டு. ஆனால் கறாராகப் பார்த்தால், பொருளைச் சிதைத்து, மூலப்பொருளாக்கி, அதிலிருந்து மறுபடி ஒன்றைச் செய்வதுதான் ரீசைக்கிள். திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட்டைப் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூல் நூற்கிறார்களே, அது. பழைய பேப்பர் கூழாகி அட்டை ஆவதும் அதுதான். இவள் வெட்டித் தைக்கிறாள், அவ்வளவுதான். துணி அதே துணி. லேபிளைப் படித்தவர் புது நூலில் நெய்த துணியை எதிர்பார்த்திருந்தால், பையில் பழைய இழையோட்டலைப் பார்த்ததும் கோபம் வரத்தானே செய்யும்?

கோலி சோடா பாட்டிலைக் கழுவி மறுபடி சோடா நிரப்பினால் ரீயூஸ். ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி போட்டு வைப்பதையும் நான் இதில்தான் சேர்ப்பேன். (அந்த பாட்டில் வேறெதற்கு!)

ரீபர்பஸ் என்றால் வேலையே மாறவேண்டும். மினாக்ஸிடில் என்ற மருந்து முதலில் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையாக வந்தது. பிறகு தலையில் முடி வளரத் தடவுவதற்கும் ஆயிற்று. மருந்து அதேதான், வேலைதான் வேறு. லண்டனில் பழைய மின் நிலையம் ஒன்று 2000ல் டேட் மாடர்ன் என்ற ஓவியக்கூடம் ஆனதும் இந்த வகைதான். கட்டடத்துக்கு ‘கன்வெர்ட்’ என்பது இன்னும் இயல்பான வார்த்தை.

அப்சைக்கிள் கொஞ்சம் அலட்டலான வார்த்தை. 1994ல் ராய்னர் பில்ஸ் என்ற ஜெர்மானியர் ஒரு பேட்டியில் பயன்படுத்தினார். நல்ல செங்கல்லைக்கூட உடைத்துத் தூளாக்கிவிட்டு அதை ரீசைக்கிள் என்கிறார்களே என்பது அவர் ஆதங்கம். மதிப்பு கூடினால்தான் அப்சைக்கிள். பட்டுச் சேலையைக் கிழித்து மிதியடி தைத்துவிட்டு அப்படிச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

அவளுக்கு நான் சொன்னது ‘ரீபர்பஸ்டு’. அதைவிட நல்லது, வார்த்தை ஜாலமே இல்லாமல் ‘மேட் ஃப்ரம் யூஸ்டு காட்டன் சாரீஸ்’. "யூஸ்டுன்னா முகம் சுளிப்பாங்களே டீச்சர்?" என்றாள். சுளிக்கிறவர் வாங்கிய பிறகு சுளிப்பதைவிட முன்னாலேயே சுளிக்கட்டும். துவைத்தது என்பதையும் சேர்த்துப் போடு என்றேன்.

தமிழில் இத்தனை பாடு இல்லை. ‘ஆக்கு’ என்று ஒரு சொல் போதும். அம்மா சேலை தூளி ஆகும், தூளி கிழிந்தால் பிடிதுணி ஆகும், அப்பா வேட்டி விளக்குத் திரி ஆகும். எதிலிருந்து எது ஆனது என்பதும் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் எது எதுவாக ஆனது? எழுதுங்கள்.