ரஞ்சன்குடியில் குதிரைப் பாளையம்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மோட்டாரில் விரையும் அன்பர்கள் பெரும்பாலும், எந்த ஹோட்டலில் காபி நன்றாயிருக்கும் என்ற விசாரத்திலேயே தொண்டைமண்டலத்தையும் நடுநாட்டையும் கடந்து சோழநாட்டுக்குள் பிரவேசித்து விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இன்றைய ராஜபாட்டை அப்படி. ஆனால் பெரம்பலூருக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வடக்கே வரும்போது, வண்டி ஓட்டுகிறவர் நீங்கலாக மற்றவர்கள் சற்றே தலையைத் திருப்பிப் பார்ப்பார்களானால், பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்ற வெளியின் நடுவே ஒரு பாறை மேட்டின்மீது கருங்கல் மதில்கள் அடுக்கடுக்காக எழும்பி நிற்பதைக் காண்பார்கள். அதுதான் ரஞ்சன்குடிக் கோட்டை.

பதினேழாம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் கட்டிய கோட்டை இது என்பர். செஞ்சியைப் போல மூன்று மலைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு கண்டவரைப் பிரமிக்க வைப்பதன்று. ஒரே பார்வையில் அடங்கிவிடும். செதுக்கிய கல்லாலான அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, ஒன்றைவிட ஒன்று உயர்ந்த மூன்று அரண்கள். கீழே உள்ள பகுதிக்குப் பேட்டை என்று பெயர். உச்சிக்குக் கோட்டைமேடு என்று பெயர். இரண்டுக்கும் இடையே பூமிக்கடியில் ஒரு வழி உண்டு. கோட்டைமேட்டில் ஏறி நின்றால் நாலா திசையிலும் சமவெளி. எந்தத் திக்கிலிருந்து ஒரு குதிரை வந்தாலும், அது கிளப்பும் புழுதி முன்னதாகவே தெரிந்துவிடும்.

சென்ற தை மாதத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் சிலரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். 1751-ஆம் வருஷத்து யுத்தத்தைப் பற்றி, வகுப்பில் சொல்வதைவிடச் சற்று உரத்த குரலில் ஒரு பிரசங்கமே செய்து முடித்தேன். எல்லோருக்கும் பின்னால் நின்ற ஒரு பையன், "ஸார், அத்தனை குதிரையும் ராத்திரி எங்கே படுத்துக்கிட்டுது?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கோ அது மிகவும் நியாயமான கேள்வியாகப் பட்டது. நமது சரித்திர புஸ்தகங்களில் குதிரைகள் பாய்கின்றன, கனைக்கின்றன, குண்டடிபட்டு விழுகின்றன. ஆனால் அவை தின்பதுமில்லை, குடிப்பதுமில்லை, உறங்குவதுமில்லை.

முதலில் யுத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடக நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் போட்டியிட்ட காலம். சந்தா சாகிபின் பின்னால் பிரெஞ்சுக் கம்பெனி. முகம்மது அலியின் பின்னால் ஆங்கிலக் கம்பெனி. துணி வியாபாரமும் மிளகு வியாபாரமும் செய்ய வந்தவர்கள் நமது மண்ணில் நவாபுகளை வியாபாரம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். 1751-ல் ஆங்கிலேயப் படை காப்டன் ஜிஞ்சன்ஸ் என்பவரின் தலைமையில் இங்கே வந்து பாளையம் இறங்கிற்று. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் மறுபக்கத்தில் வந்து இறங்கினார்கள். பக்கத்திலுள்ள வாலிகண்டபுரத்தின் பெயரைத் திரித்து 'வால்கொண்டா யுத்தம்' என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தது இதைத்தான்.

கோட்டையின் கில்லேதார் கெட்டிக்காரர். இரு கட்சியாரும் ஆசை வார்த்தை கூறித் தூது அனுப்பினார்கள். அவர் இருவருக்கும் மரியாதையாகப் பதில் அனுப்பினார். கதவை மட்டும் திறக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் இப்படியே கழிந்தது. கோட்டைக்குள் இருந்த தானியமும் தண்ணீரும் நிழலும் உள்ளே இருந்தவர்களுக்கு. வெளியே இருந்த இரண்டு சைன்யங்களுக்கும் வெட்டவெளி.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். குதிரை நின்றபடியே கண்ணயரக் கூடியது. கால் மூட்டுக்களைப் பூட்டிக்கொண்டு நிற்கும்படி இயற்கை அதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டும் சிறிது நேரம் படுக்கும். அதுவும், பக்கத்தில் இன்னொரு குதிரை விழித்து நிற்கிறது என்ற தைரியம் இருந்தால்தான். பாளையத்தில் குதிரைகளை நீண்ட வரிசைகளாகக் கட்டுவார்கள். தலைக்கயிறு முன்னே இருபுறமும் இரண்டு முளைகளில். பின்னங்கால்களின் கயிறு பின்னால் இன்னொரு முளையில். பக்கத்துக் குதிரையைக் கடிக்கவோ உதைக்கவோ இயலாது. அவிழ்த்துக்கொண்டு ஓடினால் இருட்டில் பாளையம் முழுவதும் கலவரம்தான். மழை பெய்தால் முளை இளகும். இடி இடித்தால் வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் திமிறும். அந்த இரவில் கூடாரத்துக்குள் துரை உறங்கலாம். வரிசையின் ஓரத்தில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு முடங்கியிருக்கும் குதிரைக்காரனுக்கு உறக்கம் ஏது?

பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டோம். குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்குத் தண்ணீர் சுமாராக 30 லிட்டர். காய்ந்த புல் 8 கிலோ. பாளையத்தில் ஆயிரம் குதிரைகள் மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும் தண்ணீர் 30,000 லிட்டர். புல் 8,000 கிலோ. இது ஒரு நாளைக்கு. பதினைந்து நாளைக்குப் புல் மட்டுமே 1,20,000 கிலோ. வண்டி மாடுகள், பொதி மாடுகள், ஒட்டகங்கள் வேறு. கணக்கைப் போட்டு முடித்ததும் பிள்ளைகள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மானம் பார்த்த பூமி. குளத்தில் தண்ணீர் நிற்பதும் நில்லாததும் ஐப்பசி மழையைப் பொறுத்தது. இந்த ஊரிலிருந்தா அத்தனையும் வந்தது என்ற கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நமது நாட்டில் குதிரைக்குத் தீனி என்றால் கொள்ளுதான். ஆங்கிலேயனும் அதற்குக் குதிரைக் கொள்ளு என்றே பெயர் வைத்தான். வேகவைத்து ஆறவைத்துக் கொடுப்பார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு; பாளையம் இறங்கிய ஊரில் இளைத்தவன் வீட்டுக் கொள்ளும் கொழுத்த குதிரையின் வாய்க்குப் போயிற்று. புல்லுக்கோ இன்னும் பெரும்பாடு. நல்ல மேய்ச்சல் இல்லாத இடத்தில் அறுகம்புல்லை வேரோடு செதுக்கி எடுத்து, மண் போக அலசி, கட்டாகக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். ஆகவே ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரன், ஒரு புல்லுக்காரி என்பது பிற்காலச் சென்னைப் பட்டாளங்களிலும் துரைமார் வீடுகளிலும் வழக்கமாயிற்று. பெரும்பாலும் குதிரைக்காரனின் மனைவியே புல்லுக்காரி. விடியுமுன் புறப்பட்டு, பொழுது சாய்ந்து சுமையுடன் திரும்புவாள். பட்டாளங்களின் பெருமையை எழுதியவர்கள் பல பேர். இந்தப் பெண்களின் களைக்கொட்டைப் பற்றி ஒரு காவியமும் எழுதப்படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜிஞ்சன்ஸ் படைக்கு உணவுப் பண்டங்கள் சேகரிக்கும் அதிகாரியாக இங்கே வந்தவர் ராபர்ட் கிளைவ்! அதே வருஷத்தில் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிப் பெயர் பெற்றவர். ஆறு வருஷத்துக்குப் பின் பிளாசியில் வங்காளத்தையே கைக்கொண்டவர். ரஞ்சன்குடியில் அவருக்கு மாவும் அரிசியும் மாடும் தேடுகிற உத்தியோகம். ஓர் ஊர் எவ்வளவு கொடுக்கும், எவ்வளவு பிடுங்கினால் வாய் திறவாது என்பதை அறிய இதைவிடச் சிறந்த பாடசாலை அவருக்குக் கிடைத்திருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சௌகரியமாகப் பாளையம் இறங்குவது எப்படி என்பதைக் கண்டுபிடித்தவர்கள் மொகலாயர்கள். 1664-ல் ஔரங்கஜீப் காச்மீரம் புறப்பட்டபோது கூடச் சென்ற பிரெஞ்சு வைத்தியர் பெர்னியர், பாதுஷாவுக்கு இரட்டைக் கூடாரங்கள் இருந்ததை விவரிக்கிறார். ஒன்றில் பாதுஷா தங்கியிருக்கும்போதே மற்றொன்று முன்னே சென்று அடுத்த ஊரில் தயாராக நிற்கும். பெர்னியருக்கே இரண்டு நல்ல குதிரைகள், ஓர் ஒட்டகம், குதிரைக்காரன், சமையற்காரன் எல்லாம் உண்டு. பிற்காலத்துக் கலெக்டர்கள் ஜமாபந்தி முகாமுக்குப் புறப்படும்போது இந்த ஏற்பாட்டை அப்படியே பின்பற்றினார்கள். துரை காலையில் குதிரையேறிப் புதிய முகாமுக்கு வந்து சேர்கையில், மாந்தோப்பு நிழலில் கூடாரமும் தேநீரும் காத்திருக்கும்.

கஷ்டப்பட்டவர்களும் இருந்தார்கள், அதை மறைப்பது நியாயமன்று. பின்னாளில் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ 1780-ல் சாதாரணச் சிப்பாய் அதிகாரியாக வந்தவர். முதல் மூன்று வருஷம் ஒரு புஸ்தகத்தையோ தோட்டாப் பையையோ தவிரத் தமக்கு வேறு தலையணை இருந்ததில்லை என்று தம் சகோதரிக்கு எழுதியிருக்கிறார். ஆனால் இந்த விஷயத்தில் யாவரையும் வென்றவர்கள் மராட்டியக் குதிரை வீரர்கள். ஈட்டியைத் தரையில் குத்தி, கடிவாளத்தை அதில் மாட்டி, சேணத்தருகில் படுத்து விடுவார்கள். பேஷ்வா முதலாம் பாஜிராவ் குதிரைமீது சென்றபடியே சோளக்கதிரைக் கையால் கசக்கித் தின்பதாக நிஜாமின் சித்திரக்காரன் படம் எழுதினான் என்று ஒரு கதை உண்டு. கூடாரம் இல்லாதவனுக்குக் கூடாரம் பிரிக்கும் நேரமும் மிச்சம்.

ரஞ்சன்குடியில் பாளையம் பிரிந்த விதம் அவ்வளவு கௌரவமானதன்று. கில்லேதாரின் தாமதத்தில் பொறுமையிழந்த ஜிஞ்சன்ஸ், ஒரு நாள் இரவு பேட்டையைத் தாக்கச் செய்தார். மண்சுவரைத் தாண்டி உள்ளே போனவர்கள் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கல்மதிலை ஏற முடியாமல் விடியுமுன் திரும்பினார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது நமது பழமொழி. ஊராரின் புல்லையும் தண்ணீரையும் தீர்த்த பிறகு, அவர்கள் கூரையையும் கொளுத்தியாயிற்று! கில்லேதார் மறுநாள் பிரெஞ்சுக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டார். அடுத்து நடந்த சண்டையில், கோட்டைமீதிருந்து பீரங்கி முழங்கவும் ஆங்கிலச் சோல்ஜர்களைத் திகில் பிடித்துக்கொண்டது. முகம்மது அலியின் சகோதரர் அப்துல் வஹாப் கான் குதிரையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து அவர்களைக் கடிந்து பேசினார், பயனில்லை. கம்பெனியின் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் மட்டும் நிதானமாக, விழுந்தவர்களையும் எடுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். இதையெல்லாம் நான் சுதேச அபிமானத்தால் புனைந்து கூறவில்லை. கிளைவின் நண்பரான ராபர்ட் ஓர்ம் 1763-ல் வெளியிட்ட சரித்திரத்தில் உள்ளதே. அன்றிரவே பாளையத்தைக் கலைத்து ஊட்டத்தூரை நோக்கி ஓட்டம் பிடித்தார்கள். பிறகு திருச்சிராப்பள்ளிக்குள் புகுந்துகொண்டார்கள்.

கோட்டையை விட்டு இறங்கி வரும்போது, அறுவடையான ஒரு காட்டில் வயதான ஆட்டுக்காரர் ஒருவர் கிடை போடுவதற்குப் பட்டி அடித்துக்கொண்டிருந்தார். தரை ஈரமாயிருக்கக் கூடாது, காற்றுக்கு ஒதுக்குப்புறம் வேண்டும், தண்ணீர் எட்டிய தூரத்தில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்ன லக்ஷணங்கள் ஒரு படைத்தலைவன் பாளையத்துக்கு இடம் பார்க்கும் லக்ஷணங்களேதான். நான் அந்தப் பழைய குதிரைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் மூங்கிலைத் தரையில் ஊன்றிக்கொண்டே, "ஆடு ஒரு ராத்திரி கிடந்தா நெலம் தெம்பாவும், காட்டுக்காரர் நமக்குக் கூலி குடுப்பாரு. பட்டாளத்துக் குதிரை கிடந்ததுக்கு ஊர்க்காரனுக்கு யாருங்க கூலி குடுத்தா?" என்றார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். கணக்கு நோட்டில் அந்தக் கேள்வியையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இந்த ஜில்லாவின் ஊரெல்லைகளில் ஐயனார் கோயில் மண் குதிரைகள் இன்றும் நிற்கின்றன. இரவில் ஐயனார் அவற்றில் ஏறிக் காவல் சுற்றுவார் என்பது ஐதீகம். அவற்றுக்குக் கொள்ளும் வேண்டாம், புல்லும் வேண்டாம். உயிருள்ள குதிரைகளைக் காண்பது அரிதாகிவிட்டது.

கோட்டை இப்போது மத்தியத் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போகலாம். வழியில் வாலிகண்டபுரத்தில் இறங்கி வாலீசுவரரைத் தரிசிப்பது நலம். பொழுது சாய்ந்தபின் கோட்டைக்குள் தங்க அனுமதியில்லை. வெயில் ஏறுமுன் போய்விடுவது உத்தமம். குழந்தைகளை அழைத்துச் செல்கிறவர்கள் அகழி ஓரத்திலும் சுரங்க வழியிலும் கவனமாக இருக்க வேண்டும். குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள்.