ராணி வேஷம்

சேலையூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் பேச்சை நடுநடுவே நிறுத்திக்கொள்ளப் பழகியிருக்க வேண்டும். விமானப்படைத் தளத்திலிருந்து ஏதாவது ஒரு பயிற்சி விமானம் கிளம்பும். அது ஓய்ந்தால் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ரயில் கூவும். இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதன் பத்திரிகை படிப்பதென்றால், காதைக் கொஞ்சம் மூடிக்கொண்டுதான் படிக்க வேண்டும். நான் அப்படிப் படிக்கிறவன்.

2022-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள் மாலை அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது, "அப்பா" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"என்னம்மா?" என்றேன், தலையைத் தூக்காமலே.

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. என் மகளும் பேத்தியும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "உங்களை இல்லை தாத்தா, அவள் அவளுடைய அப்பாவைச் சொல்கிறாள்" என்றாள் பேத்தி. திரையில் சீமை மாளிகை ஒன்று. சரவிளக்குகள். 1814-ஆம் ஆண்டு லண்டன் நகரத்துப் பிரபுக்களின் நடனக் கூட்டம். அதன் நடுவே பட்டு கவுன் அணிந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் தெருப் பெண்களில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். சுத்தமான ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனவள், காலமான தன் தகப்பனாரைக் குறிப்பிடும்போது மட்டும் 'அப்பா' என்றாள். நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

தொடரின் பெயர் 'பிரிட்ஜர்டன்'. ஜூலியா குவின் என்ற அமெரிக்க நாவலாசிரியையின் கதைகளைக் கொண்டு நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்துக்காக எடுக்கப்பட்டது. நான் பார்த்தது அதன் 2-ஆம் பருவம். 2022 மார்ச் 25-ஆம் தேதி வெளியானது. இதில் சில காட்சிகள் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பார்க்கத் தக்கவை அல்ல. ரிமோட் என் மகள் கையில் இருந்தபடியால் குடும்ப கௌரவம் பிழைத்தது.

கதாநாயகியாக நடித்தவர் சிமோன் ஆஷ்லி. 1995-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்துக் கேம்பர்லி என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் தமிழர். பிறந்தபோது இட்ட பெயரில் அஷ்வினியும் உண்டு, பிள்ளையும் உண்டு. சங்கீதம் பயின்று, லண்டனில் நடிப்பும் பயின்றவர். எடுத்த எடுப்பில் யாரும் அவரை மாளிகைக்குள் அழைத்துப்போய் நிறுத்திவிடவில்லை. 2016-இல் 'வுல்ஃப்பிளட்' என்ற குழந்தைகள் தொடரில் தலைகாட்டினார். 2017-இல் 'பிராட்சர்ச்' என்ற துப்பறியும் தொடரின் 3-ஆம் பருவத்தில் ஒரு சிறிய வேஷம். 2019-இல் தொடங்கிய 'செக்ஸ் எஜுகேஷன்' தொடரில் பள்ளிக்கூடத்து ஜம்பக்காரிகளில் ஒருத்தியாக வந்தார். அதன் பிறகுதான் இந்தக் கதாநாயகி வேஷம். அதாவது, கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கத் தொடங்கி நடுவில் வந்து நிற்க ஏறத்தாழ 6 ஆண்டுகள். 2025-இல் 'பிக்சர் திஸ்' என்ற படத்தில் லண்டனில் புகைப்பட நிலையம் வைத்திருக்கும் பெண்ணாக, கதை முழுவதையும் தாமே சுமந்தார்.

தங்கையாக நடித்த சரித்ரா சந்திரனும் தமிழ்ப் பெண்தான். 1997-இல் ஸ்காட்லாந்தில் பெர்த் நகரில் பிறந்தவர். தமிழ்நாட்டிலிருந்து போன மருத்துவர்களின் மகள். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவமும் அரசியலும் பொருளாதாரமும் படித்துவிட்டு நடிக்க வந்தவர். இவர்கள் இருவருக்கும் முன்னால் போனவர் ஒருவர் உண்டு. 1984-இல் விம்பிள்டனில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அமாரா கரன். பாங்கு உத்தியோகத்தை விட்டுவிட்டு நடிப்புக்கு வந்தவர். 1963-இல் தொடங்கிய புகழ்பெற்ற 'டாக்டர் ஹூ' தொடரில், 2011-இல் ஒரு கதையில் மறக்க முடியாத பாத்திரமாக வந்தார்.

இந்தச் சரித்திரமெல்லாம் எனக்குச் சொன்னவள் பேத்திதான். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பதினோராம் வகுப்பில் காலெடுத்து வைக்கிற சமயம்.

எழுத்தாளன் புத்தி குற்றம் காணாமல் இருக்குமா? எனக்கு ஆரம்பத்தில் சிரிப்புத்தான் வந்தது. நாவலில் அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் ஷெஃபீல்ட். தொடரில் அதைச் சர்மா என்று மாற்றிவிட்டார்கள். சர்மா வீட்டுப் பெண் பம்பாயிலிருந்து வருகிறாள். தகப்பனாரைத் தமிழில் அப்பா என்கிறாள். தங்கை அக்காவை ஹிந்தியில் 'தீதி' என்கிறாள். அக்காவோ தங்கையை வங்காளியில் 'போன்' என்கிறாள்! "ஒரு வீட்டுக்குள் மூன்று பாஷை. இவர்கள் என்ன, ரயில்வே காலனியிலா குடியிருந்தார்கள்?" என்று கேட்டேன்.

"தப்பு இருக்கட்டும் தாத்தா. நீங்க அவளைப் பாருங்க" என்றாள் பேத்தி.

பார்த்தேன். அப்போதுதான் பேத்தியையும் பார்த்தேன். திரையில் நின்றவளின் நிறமும் பேத்தியின் நிறமும் ஒன்று.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் பெண்ணின் நிறத்தைப் பற்றிச் சொல்வதற்கென்றே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம். 'கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்.' பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். பிரசவ வார்டில் குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள்கூடச் சொல்வார்கள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டே சொல்வார்கள். அதில் வருகிற அந்த 'ஆலும்' இருக்கிறதே, அது எத்தனை பெண்களைக் கண்ணாடிக்கு முன்னால் அழ வைத்திருக்கிறது! என் மனைவியும் பேத்தியை வெயிலில் விளையாட விடமாட்டாள். 'கறுத்துப் போயிடுவே, உள்ளே வா' என்று குரல் கொடுப்பாள். தம்முடைய பாட்டியும் தம்மை அப்படித்தான் வெயிலில் விடாமல் காத்தார் என்று சரித்ரா சந்திரன் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். கடல் தாண்டினாலும் பாட்டிகள் பாட்டிகள்தான்.

நம் சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் 'மதராசபட்டினம்' வந்தது. அதில் வெள்ளைக்காரக் கவர்னரின் மகளாக எமி ஜாக்சன் நடித்தார். கதைக்கு வெள்ளைக்காரப் பெண் வேண்டும், அழைத்து வந்தார்கள், நியாயம். அந்தப் பெண்ணும் தெரியாத பாஷையில் உழைத்து நன்றாகவே நடித்தார். ஆனால் வந்தவர் அந்த ஒரு வேஷத்தோடு திரும்பவில்லை. 'ஐ', 'தங்கமகன்', '2.0' என்று வரிசையாகக் கதாநாயகி ஆனார். இங்கிலாந்தில் பிறந்த தமிழ்ப் பெண் கதாநாயகி ஆக இங்கிலாந்திலேயே இடம் தேட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்துப் பெண்ணுக்கோ நம் ஊரில் இடம் தயாராக இருக்கிறது. இதில் எமி ஜாக்சன் மீது என்ன பிழை? இலையைப் போட்டு உட்காரச் சொன்னவர்கள் நாம்.

கறுத்த பெண்களுக்கு நம் சினிமா இடமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் சரிதா, 'வீடு' படத்தில் அர்ச்சனா, 'காக்கா முட்டை'யில் ஐஸ்வர்யா ராஜேஷ் என்று மனத்தில் நிற்கிறவர்கள் உண்டு. அர்ச்சனாவுக்கு தேசிய விருதே கிடைத்தது. ஆனால் அந்தப் படங்களின் கதையை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி தண்ணீருக்குத் தவிக்கிறாள். ஒருத்தி சொந்தமாக ஒரு கூரைக்குத் தவிக்கிறாள். ஒருத்தி குடிசையில் பிள்ளைகளை வளர்க்கிறாள். தவிப்பதற்குக் கறுப்பு, ஆள்வதற்குச் சிவப்பு. சிமோன் ஆஷ்லியைப் பார்த்து என் பேத்தி ஏன் மலர்ந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. திரையில் இருந்தவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்பதல்ல. அவளுடைய கஷ்டத்துக்கு அவள் நிறம் காரணமாக இல்லை. அவளைப் பார்த்து யாரும் 'இருந்தாலும்' சொல்லவில்லை.

அந்த ஆண்டு பேத்தியின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குப் பாஞ்சாலி நாடகம் என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். பேத்தி பாஞ்சாலியின் வசனம் முழுவதையும் பத்தே நாளில் நெட்டுருப் போட்டுவிட்டாள். குளியலறையில் துச்சாதனனைச் சபிப்பாள். மாடிப்படியில் பீஷ்மரைக் கேள்வி கேட்பாள். வேஷம் பிரித்த நாளன்று வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தாள். பாஞ்சாலி வேறொரு பெண், சிவந்த பெண். இவளுக்குத் தோழி வேஷம், கையில் சாமரம்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தின் நடுவே ஒன்று பளிச்சென்று நினைவுக்கு வந்தது. பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயர் உண்டே! கரிய நிறத்தவள் ஆனபடியால் அல்லவா அந்தப் பெயர்? வேள்வித் தீயில் பிறந்த அந்த மகாராணி கறுப்பு! பேத்தியிடம் சொன்னேன். மறுநாள் அவள் தைரியமாக ஆசிரியையிடம் போய்ச் சொல்லியும் விட்டாள்.

ஆசிரியை கோபிக்கவில்லையாம். சிரித்தாராம். "வாஸ்தவம்தாம்மா. ஆனா மேடை விளக்கிலே முகம் தெரியணுமே" என்றாராம்.

விளக்கின் மேல் பழி போடுவது புதிதல்ல. ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பிலிம் கம்பெனிக்காரர்கள், வர்ணம் சரியாக விழுகிறதா என்று பார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படம் ஒன்றையே அளவுகோலாக வைத்திருந்தார்கள். அந்த அளவுக்கு விளக்கை வைத்தால் கறுத்த முகம் இருளில் போகத்தான் செய்யும். குற்றம் முகத்தில் இல்லை. 'பிரிட்ஜர்டன்' மாளிகையில் எரிந்தவையும் விளக்குகள்தாம். யாருக்காக வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் வைத்தார்கள். முகம் துல்லியமாகத் தெரிந்தது.

ஆண்டு விழாவன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாஞ்சாலி சபதம் செய்தாள். அந்தப் பெண்ணும் நன்றாகத்தான் செய்தது. அதற்குப் பின்னால், சாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தோழியின் உதடுகள் ஓசையில்லாமல் அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை பிசகவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த என் மகள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள்: "அப்பா, நீங்க இத்தனை நாவல் எழுதினீங்களே, அதிலே என் நிறத்திலே ஒரு கதாநாயகி உண்டா?"

கேம்ப் ரோடு சிக்னலில் ஆட்டோ வெகுநேரம் நின்றது. நான் பதில் சொல்லவில்லை.

அன்று இரவு அலமாரியைத் திறந்து என் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினேன். பதினொரு நாவல்கள். எட்டு நாயகிகள் சந்தன நிறம், தாழம்பூ நிறம், ரோஜா நிறம். இரண்டு பேருக்கு நிறமே சொல்லவில்லை. ஒருத்தி மாநிறம். கறுப்பாக யாருமே இல்லையா என்றால், இருந்தார்கள். பூக்காரி, சமையற்காரி, கதாநாயகியின் தோழி. அந்தத் தோழியைப் பற்றி நான் எழுதியிருந்த வாக்கியம்: 'கறுப்பாக இருந்தாலும் களையாக இருந்தாள்.' அந்த நாவல் வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வாரந்தோறும் தபால்காரரிடமிருந்து பத்திரிகையைப் பிடுங்கி முதலில் படிக்கிறவள் அவள்தான்.

தமிழ் படித்தவன் நான். சங்கப் புலவர்கள் தலைவியின் அழகை மாமை என்றார்கள். அவள் வெளிறிப் போவதைப் பசலை என்றார்கள்; அதை நோயாகப் பார்த்தார்கள். மாந்தளிரின் நிறத்தை அழகென்று கொண்டாடிய பாஷையில், பசலையைத் தேடிப் பிடித்துக் கதாநாயகி ஆக்கியிருக்கிறேன். ஆசிரியை விளக்கின் மேல் பழி போட்டார். நான் யார் மேல் போடுவது?

அந்த நாவலின் மறுபதிப்புக்குச் சில நாட்களில் ப்ரூஃப் வந்தது. பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அடிக்கப் போனேன். மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். என்ன செய்கிறேன் என்று பார்த்தாள்.

"அடிக்காதீங்கப்பா" என்றாள். "நான் படிச்சது அதைத்தானே. அது அப்படியே இருக்கட்டும். அடுத்ததிலே சரியா எழுதுங்க."

அடிக்கவில்லை. அந்தப் பக்கம் அப்படியே அச்சாகி வந்துவிட்டது. அடுத்த நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி தாம்பரத்துப் பெண். முதல் அத்தியாயத்தை முடித்ததும் பேத்தியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "இவள் என்ன நிறம்னு நீங்க சொல்லவே இல்லையே தாத்தா?" என்று கேட்டாள்.

காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.