ஆற்றில் தேடாதே, ஆலைக்கு வா

கோத்தா திங்கி

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய புராஜெக்ட் குறிப்பை முழுக்கப் படித்தேன். தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டை மின்சாரம் பாய்ச்சி அம்மோனியாவாக மாற்றி, உரமாகப் பிடிப்பது நல்ல யோசனைதான். ஆனால் சோதனைக்குத் தண்ணீரை ஜொகூர் ஆற்றில் எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதில்தான் மாமாவுக்குச் சம்மதமில்லை.

நம் ஆறுகளின் தலைவலி நைட்ரேட் இல்லைம்மா, அம்மோனியா. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா ஏறியபோது, சிங்கப்பூர் தண்ணீர் எடுக்கும் சுத்திகரிப்பு நிலையத்தையே நிறுத்தினார்கள். நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்க 2061 வரைக்கும் ஒப்பந்தம் இருந்து என்ன பயன்? அதே வருடம் சிம்பாங் ரெங்கத்தில் குப்பைமேட்டுக் கசிவு பெனூட் ஆற்றில் கலந்து, அக்கா வாளிகளோடு தண்ணீர் லோரிக்குக் காத்து நின்றாள். நீயும்தானே கூட நின்றாய்.

காரணம் எளிது. குளோரின் கிருமியிடம் போவதற்கு முன்னால் அம்மோனியாவிடம் மாட்டிக்கொள்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்த்துக்கட்ட எட்டுப் பத்து மில்லிகிராம் குளோரின் வேண்டும். அதனால்தான் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் நிலையத்தை மூடுகிறார்கள். நைட்ரேட்டேதான் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்குப் போ. அங்கே அடியில் சுண்ணாம்புக்கல், மேலே செம்மண். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போட்ட உரமும், மலக்குழிக் கசிவும் கிணற்றில் இறங்கிவிட்டன. கைக்குழந்தைக்குப் பாலில் கலக்க அந்தத் தண்ணீர் ஆகாது.

இப்போது கணக்குக்கு வா. தோட்டத்துக்கு வாங்கும் 50 கிலோ அம்மோனியம் சல்பேட் மூட்டையில் நைட்ரஜன் பத்தரைக் கிலோ. குடிநீருக்கான எல்லை அளவில், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜன் உள்ள தண்ணீரில், அந்த ஒரு மூட்டையை எடுக்கப் பத்தரை லட்சம் லிட்டரைச் சலிக்க வேண்டும். செம்பனை ஆலைக் கழிவுநீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்குச் சுமார் 750 மில்லிகிராம் இருக்கிறது. 14,000 லிட்டர் போதும், ஒரு டாங்கி லோரி. இன்னொன்று பார்: ஆலைக் கழிவுநீருக்குச் சட்டம் விட்டிருக்கும் எல்லை லிட்டருக்கு 150 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன். குடிநீருக்கு 1.5. அந்த நூறு மடங்கை ஆற்றின் தலையில் கட்டிவிட்டு, கீழே உட்கார்ந்து சுத்திகரிக்கிறோம்.

எங்கள் ஆலையை விட்டு வரும்போது கழிவுநீர் கொதிநிலைக்குக் கிட்டத்தட்ட இருக்கும், புளிப்பும் ஏறியிருக்கும். அதிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் கரிமப் பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கும். காற்றில்லாத குளத்தில் கிருமிகள் அதை உடைத்த பிறகுதான் அம்மோனியா வெளியே வரும். பயோகேஸ் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பம்பைக் கழற்றினால், வளைகுழாய் உள்பக்கம் வெள்ளையாக, உளியால் தட்டினாலும் சட்டென்று உதிராமல் ஒட்டியிருக்கும். ஸ்ட்ருவைட். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த உப்பு, மெதுவாகக் கரையும் அருமையான உரம். எங்கள் பையன்கள் அதைத் திட்டிக்கொண்டே சுரண்டிக் குப்பையில் போடுகிறார்கள். ஆனால் பாஸ்பேட் இருக்கிற அளவுக்குத்தான் அது அம்மோனியாவைப் பிடிக்கும். மீதிக்குச் சுண்ணாம்பு போட்டுக் காரத்தை ஏற்றி, காற்றை ஊதி, கிளம்பும் அம்மோனியாவைக் கந்தக அமிலத்தில் பிடிக்க வேண்டும். கிடைப்பது அதே அம்மோனியம் சல்பேட்.

உன் மின்வேதியியலைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. 2022-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில், செம்பு நுண்கம்பிகளில் ருதேனியம் அணுக்களைப் பதித்து நைட்ரேட்டை அம்மோனியாவாக்கினார்களே, அவர்கள் எடுத்துக்கொண்டது லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தொழிற்சாலைக் கழிவுநீரின் அளவு. அவர்களும் அடர்த்தியான இடத்தில்தான் கை வைத்தார்கள்.

ஒரு மூட்டைக்குச் சுண்ணாம்பு, அமிலம், மின்சாரம் மூன்றும் சேர்த்து எத்தனை ரிங்கிட் ஆகும் என்று உன் விரிவுரையாளரிடம் கேட்டு வை. கடை விலையைத் தாண்டினால் எங்கள் மேனேஜர் காது கொடுக்கமாட்டார். செமஸ்டர் லீவில் வந்து குளத்துத் தண்ணீர் எடுத்துக்கொள், அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். ரப்பர் பூட்ஸ் கொண்டு வா, இங்கே உன் கால் அளவுக்கு எதுவும் இல்லை. அக்காவிடம் சொல், சாமான் ஒன்றும் கொடுத்துவிட வேண்டாம், முறுக்கு மட்டும் போதும்.

அன்புடன்,
மாமா