விழுந்தவர் நோட்டு

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில், மெயின் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்த முதியோர் இல்லம். பெயர் போடக்கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். ஆபீஸ் மேசையில் நோட்டுகள் அடுக்கியிருந்தன: நன்கொடை ரசீது, பார்வையாளர் பதிவேடு, பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போடுகிறவர்கள் பட்டியல். கடைசி நோட்டுதான் கனமானது. ஆடி அமாவாசைக்கு இப்போதே ஆள் இருக்கிறார்களாம்.

"இங்கே யாராவது விழுந்தால், மாத்திரை மாறிப்போனால், சொல்லாமல் வெளியே போய்விட்டால் எதில் எழுதுவீர்கள்?" என்று கேட்டேன்.

பொறுப்பாளர் அம்மா தயங்கிவிட்டு, டிராயரிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தார். 2023இல் ஆரம்பித்ததாம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரம விவகாரம் வெடித்தது. அங்கே சேர்த்த ஒரு முதியவரைக் காணவில்லை என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகே அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. உள்ளே நடந்தது வெளியே வர நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்தியது.

நோட்டைப் புரட்டினேன். "அதிகாலை 2.20. 4ஆம் அறை அம்மா பாத்ரூம் போகும்போது விழுந்தார். ரத்தம் இல்லை. காலையில் மகனுக்கு போன் செய்து சொல்லப்பட்டது." இதே மாதிரிதான் மற்றவையும். தலையில் அடிபட்டதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறவர் என்ற விவரம் எதிலும் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கும் ஒருவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராமலே உள்ளே கசியலாம். மறுநாள் மயங்கி விழும்போதுதான் தெரியவரலாம். 'ரத்தம் இல்லை' என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லாம் பொறுப்பாளரின் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. அவர் காலை எட்டு மணிக்குத்தான் வருகிறார். ராத்திரி இருப்பது ஓர் ஆயா மட்டும்.

பாத்ரூமைப் பார்க்க வேண்டும் என்றேன். வராண்டாவின் கோடியில் இருக்கிறது. லைட் சுவிட்ச் மறு கோடியில். வாசல்படி ஓர் அங்குலம் தூக்கியிருக்கிறது. பகலிலேயே என் செருப்பு தட்டியது. கரண்ட் பில்லுக்காக ராத்திரி பத்து மணிக்கு வராண்டா பல்பை அணைத்துவிடுவார்களாம். நோட்டில் இருந்தவை பெரும்பாலும் நள்ளிரவுக்கும் நாலு மணிக்கும் இடையில், இந்த வழியில் விழுந்தவை. தேதிவாரியாக எழுதி வைத்தவர்கள் அதைச் சேர்த்து வாசித்ததில்லை.

அறையில் ஓர் அப்பத்தா உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே கன்றிப்போன காயம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"எப்ப விழுந்தீங்க அப்பத்தா?"

"விழுகலப்பா, கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்."

பொறுப்பாளர் போன் பேசப் போனதும் குரலைத் தாழ்த்தினார். "சொன்னா மகன் வேற எடத்துல கொண்டுபோய் விட்டுருவான். எனக்கு இங்க பழகிருச்சு."

அந்தக் காயம் நோட்டில் இல்லை. ஆயாவிடம் கேட்டதற்கு, "நான் எழுதுனா என் தலையிலதான சார் விடியும்" என்றார். சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயம். விழுந்தவருக்கும் பயம், பார்த்தவருக்கும் பயம். இதில் பதிவேடு எத்தனை அச்சடித்துக் கொடுத்து என்ன?

சட்டமும் பெரிதாகத் துணைக்கு வரவில்லை. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தரும், கைவிட்டவர்களைத் தண்டிக்கும். தனியார் இல்லத்தில் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தால் அதை இன்னாருக்கு இத்தனை மணி நேரத்துக்குள் தெரிவி என்று அது கேட்பதில்லை. இல்லங்களின் பதிவைக் கட்டாயமாக்க 2019இல் மக்களவைக்கு வந்த திருத்த மசோதாவும் சட்டமாகவில்லை. சந்தேக மரணம் என்றால் போலீஸ் வரும். அதற்குக் கீழே எல்லாம் வீட்டு விஷயம். இங்கிலாந்தில் மரணம், பெரிய காயம் எதுவானாலும் இல்லம் தானே கண்காணிப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நம்மிடம் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அப்பத்தா அதை அழைக்கப்போவதில்லை.

கிளம்பும் முன் பொறுப்பாளரிடம் ஆயா சொன்னதைச் சொல்லாமல், விழுந்த நேரங்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "பல்பை இன்னிக்கே போட்டுடலாம். வாசல்படிக்குக் கொத்தனாரக் கூப்பிடணும்" என்றார். நோட்டை ராத்திரி ஆயாவே எழுதினால் என்ன என்றேன்.

"கையெழுத்துப் போடணும்னா ஒருத்தியும் எழுத மாட்டா. பேர் போடாம எழுதச் சொல்றேன். ஆனா இதையெல்லாம் எழுதி நான் யாருக்கு சார் அனுப்புறது?"