லோ வோல்டேஜில் மோட்டார் ஏன் எரிகிறது?

கோடையில் எங்கள் வைண்டிங் பட்டறைக்கு எரிந்த பம்பு மோட்டாரோடு வரும் விவசாயிகள் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "வோல்டேஜே வரலீங்க. கம்மியா வந்த கரண்டுல மோட்டார் எப்படிங்க எரியும்?"

நியாயமான சந்தேகம். வீட்டில் அவர்கள் பார்ப்பது அப்படித்தான். லோ வோல்டேஜில் குண்டு பல்பு மங்கும், ஹீட்டரில் தண்ணீர் காய நேரமாகும், எதுவும் எரியாது. ஹீட்டர் கம்பியின் மின்தடை ஏறக்குறைய மாறாதது. 230 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டர் 4.3 ஆம்பியர் எடுக்கும். 180 வோல்ட்டுக்கு இறங்கினால் ஆம்பியரும் 3.4 ஆகிவிடும். இரண்டும் குறைவதால், பெருக்கிக் கிடைக்கும் வாட் 612தான்.

மோட்டாரின் குணம் வேறு. பம்பு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைத் தண்ணீர் கிடக்கும் ஆழமும் மோட்டார் சுற்றும் வேகமும் முடிவு செய்கின்றன. அந்த வேகத்தைப் பெரும்பாலும் பிடித்து வைத்திருப்பது லைனின் 50 ஹெர்ட்ஸ். வோல்ட் குறைந்ததும் ரோட்டார் சற்றே பின்தங்கும். பின்தங்கப் பின்தங்க அதில் தூண்டப்படும் மின்னோட்டம் கூடும். அந்தக் கூடுதலை ஸ்டேட்டர் காயில்தான் லைனிலிருந்து இழுக்க வேண்டும். வேலை அப்படியே இருக்கிறது. வோல்ட்டில் குறைந்ததை ஆம்பியர் ஈடுகட்டுகிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். 5 எச்.பி. என்றால் ஷாஃப்டில் 3,730 வாட். மோட்டாருக்குள் வீணாவதையும் சேர்த்தால் லைனிலிருந்து சுமார் 4,600 வாட் வர வேண்டும். மூன்று பேஸில் வாட் என்பது 1.732, வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர் நான்கின் பெருக்கல். பவர் ஃபேக்டரை 0.8 என்று வைத்தால், 415 வோல்ட்டில் 8 ஆம்பியர் போதும். 320 வோல்ட்டில் அதுவே 10.4 ஆகிவிடும். காயிலின் சூடோ ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. ஆம்பியர் 1.3 மடங்கு என்றால் சூடு ஏறக்குறைய 1.7 மடங்கு. காயில் 10 டிகிரி கூடுதலாகக் காய்ந்தால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு.

மூடியைக் கழற்றினாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். காயில் முழுக்க ஒரே சீராகக் கருகியிருந்தால் லோ வோல்டேஜ் அல்லது ஓவர்லோடு. ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி ஒன்று மட்டும் புதிதுபோல் பளபளத்தால், ஒரு பேஸ் வராமலே மோட்டார் ஓடியிருக்கிறது. டெல்டாவில் இது தலைகீழ்: ஒரு பேஸ் கருகும், மற்ற இரண்டும் பிழைத்திருக்கும்.

லோ வோல்டேஜுக்கு எப்போதும் லைனையே குறை சொல்ல முடியாது. மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு 200 மீட்டர் தள்ளியிருக்க, காசை மிச்சம் பிடிக்க 2.5 ஸ்கொயர் செம்பு ஒயரை இழுத்தால், 8 ஆம்பியரில் அந்த ஒயரே 20 வோல்ட்டைத் தின்றுவிடும். 4 ஸ்கொயர் போட்டால் இழப்பு 13 வோல்ட்டுக்குள் நிற்கும். ஆம்பியர் கூடினால் ஒயரில் இழப்பும் கூடும், மோட்டாருக்குப் போகும் வோல்ட் இன்னும் இறங்கும், ஆம்பியர் இன்னும் ஏறும். தொலைதூரத்துக்கு மின்சாரத்தை 110 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட் என்று உயர்த்தி அனுப்புவதும் இதனால்தான். வோல்ட்டை ஏற்றினால் அதே வாட்டுக்கு ஆம்பியர் குறையும், வழியில் இழப்பும் குறையும்.

ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலே ஆம்பியரை மட்டுமே பார்க்கிறது. கூடினால் நிறுத்துகிறது. அது அடிக்கடி விழுகிறதே என்று குமிழைத் திருகி ஏற்றிவிடுவதும், பட்டனில் குச்சியைச் செருகி வைப்பதும் காவல்காரனைக் கட்டிப்போடும் வேலை. மோட்டாரின் நேம்பிளேட்டில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள்; ரிலேயை அதற்குமேல் வைக்காதீர்கள். ரிலே விழுந்தால் டாங் டெஸ்டர் வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு மூன்று பேஸையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். லைனில் வோல்ட் இல்லாத நேரத்தில் மோட்டாரை நிறுத்தி வைப்பதே லாபம்.